கௌரவ விரிவுரையாளராக இருந்த காலம் கணக்கில் வருமா?

கேள்வி: ஐயா, வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். எல்.எல்.எம். படித்துவிட்டு, சுற்றுச்சூழல் சட்டத்தில் பகுதிநேரமாக முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறேன். முதல் 3 ஆண்டு கௌரவ விரிவுரையாளர். அடுத்த 2 ஆண்டு ஒரு தனியார் சட்டக் கல்லூரியில் தொகுப்பூதியம். பிறகு அங்கேயே 8 ஆண்டு 2 மாதமாக நிரந்தர உதவிப் பேராசிரியர். நடுவில் ஆய்வேட்டை முடிக்க 6 மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். கட்டுரைகள் 9, அதில் 5 நெறியாளரோடு சேர்ந்து எழுதியவை. நேரம் கிடைத்தால் வக்கீலான சித்தப்பாவோடு கோர்ட்டுக்கும் போவேன், சில வழக்குகளில் என் பெயரிலும் வக்காலத்து உண்டு. இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இணைப் பேராசிரியர் இடத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. 13 ஆண்டு அனுபவம் போதும்தானே? வக்கீலாகப் பதிவு செய்து வாங்கிய சன்னதை என்ன செய்வது? ஆராய்ச்சித் திட்டம் 2 பக்கம் கேட்கிறார்கள், எதை எழுதுவது?

பதில்: நீங்கள் 13 என்று கூட்டி வைத்திருப்பதை, விண்ணப்பத்தைப் பரிசீலிக்க உட்காருபவர் முதல் வேலையாகப் பிரித்துப் போடுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி இந்தப் பதவிக்கு முனைவர் பட்டம், முதுகலையில் 55 சதவீதம், உதவிப் பேராசிரியருக்கு இணையான பணியில் 8 ஆண்டு, 7 கட்டுரை, ஆராய்ச்சி மதிப்பெண் 75 வேண்டும். கௌரவ விரிவுரையாளராக இருந்த காலம், எத்தனை ஆண்டானாலும், இதில் சேராது. நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே பாடத்தைத்தானே நீங்களும் எடுத்தீர்கள். ஆனாலும் விதி அப்படி.

பகுதிநேர முனைவர் படிப்பு பாதிக்காது. வகுப்பெடுத்துக்கொண்டே, விடுப்பு எடுக்காமல் ஆய்வு செய்த காலம் அனுபவமாகவே எண்ணப்படும். விடுப்பில் போன 6 மாதம் மட்டும் கழியும். ஆக நிரந்தரப் பணி 7 ஆண்டு 8 மாதம். 4 மாதம் குறைகிறது.

அந்த 4 மாதத்தைத் தரக்கூடியது தொகுப்பூதியக் காலம்தான். தனியார் கல்லூரி என்பதற்காக அதைத் தள்ளிவிட மாட்டார்கள், விதி அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. மூன்று விஷயம் பார்ப்பார்கள். அப்போதே உதவிப் பேராசிரியருக்கான முழுத் தகுதியும், அதாவது நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி போன்றவை, உங்களிடம் இருந்ததா? முறையான தேர்வுக் குழு வைத்து எடுத்தார்களா? மாதாமாதம் வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியர் வாங்கியதற்குக் குறையாமல் இருந்ததா? பெரும்பாலானவர்கள் விழுவது மூன்றாவதில். 'இங்கே பணியாற்றினார்' என்று ஒரே வரியில் முதல்வர் கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழை நம்பி வந்து, வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நியமன ஆணை, தேர்வுக் குழு பற்றிய குறிப்பு, சம்பளப் பட்டியல், படிவம் 16, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கல்லூரி அலுவலகத்தில் இன்றே எழுதிக் கேளுங்கள். வேலையை விட்ட பிறகு கேட்டால் அலைய விடுவார்கள்.

சன்னது விஷயம்தான் எனக்குக் கவலை. வக்கீல்கள் சட்டம் கற்பிப்பது தொடர்பான 1979-ஆம் ஆண்டு விதி, ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேற்படாமல் பாடம் எடுக்க அனுமதிக்கிறது. முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. நீங்களோ 8 ஆண்டு முழுநேர ஆசிரியர் என்கிறீர்கள், அதே காலத்தில் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உங்கள் பெயரில் வக்காலத்தும் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினாலே வந்துவிடும். ஒன்று இன்னொன்றை அடித்துவிடும், அம்மா. மறைக்கச் சொல்லவில்லை. வழக்குகளைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, பார் கவுன்சிலுக்கு எழுதி, தொழிலை நிறுத்தி வையுங்கள். நேர்காணலில் கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். சட்டத்தைப் பொதுவாகக் கலை, சமூக அறிவியல் பிரிவோடு சேர்த்தே பார்ப்பார்கள். அதில் தனியாக எழுதிய கட்டுரைக்கு 10. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 7. உங்களுக்குத் தனியாக எழுதிய 4-க்கு 40-உம், சேர்ந்து எழுதிய 5-க்கு 35-உம் சேர்ந்து சரியாக 75. இதழின் தாக்க அளவை (இம்பாக்ட் ஃபேக்டர்), அதாவது அதன் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடுதல் புள்ளி உண்டு, அதை நம்பி உட்கார வேண்டாம். ஆனால் மதிப்பெண் ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற குறிப்பு யுஜிசியின் மதிப்பெண் அட்டவணைக்குக் கீழே இருக்கிறது. கட்டுரையை மட்டும் காட்டினால் ஒரே வகை. நூலில் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தால் 5, எல்.எல்.எம். மாணவரின் ஆய்வேட்டை வழிநடத்தியிருந்தால் பட்டத்துக்கு 2. தேடினால் ஏதாவது அகப்படும். காசு வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் வெளியிடும் இதழ்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், நேர்காணலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறும்.

ஆராய்ச்சித் திட்டத்துக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். 'இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம்: ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைத்தால் யாரும் இரண்டாவது பக்கம் புரட்ட மாட்டார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றி 1991-இல் போட்ட மனுவில், வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் நம் சட்டத்தின் பகுதி என்று சொன்னது அந்தத் தீர்ப்பு. எல்லாச் சட்டக் கல்லூரியிலும் அதைப் படிக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிணறு கெட்டுப்போன குடும்பத்துக்கு இழப்பீடு எப்படிப் போய்ச் சேர்ந்தது, எங்கே நின்றது என்று தேடியவர் குறைவு. 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது என்றால், நடுவில் நடந்தது என்ன? அதுதான் உங்கள் கேள்வி. ஆவணம் எங்கே கிடைக்கும், யாரைப் பேட்டி எடுப்பீர்கள், முதல் ஆண்டில் எது முடியும் என்று எழுதினால் 2 பக்கம் போதாது.

கடைசித் தேதியை நீங்கள் எழுதவில்லை. அனுபவத்தைப் பொதுவாக அந்தத் தேதி வரைதான் எண்ணுவார்கள். தொகுப்பூதியக் காலத்துக்கு ஆவணம் கிடைத்தால் இப்போதே விண்ணப்பியுங்கள், கல்லூரியின் தடையில்லாச் சான்றுக்கும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் 4 மாதம் பொறுத்து அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.