படைவீரருக்கு ஏன் முதல் ஊசி?

கேள்வி: புதிதாக ஒரு தொற்றுநோய் தலைகாட்டியதும் படைவீரர்களுக்கு முந்திக்கொண்டு தடுப்பூசி போடுகிறார்களே, அது அவர்களைக் காப்பதற்கா, அவர்களை வைத்து மருந்தைச் சோதிப்பதற்கா?

பதில்: காப்பதற்குத்தான், ஆனாலும் உங்கள் ஐயம் காரணமற்றது அன்று. பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் கட்டிலோடு கட்டில் நெருங்கிய கூடத்தில் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, களைப்போடு பயிற்சி செய்யும் முகாமைவிட, மூச்சுவழிப் பரவும் கிருமிக்கு வாய்ப்பான இடம் வேறில்லை. 1976 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் புதுவகைப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் சில வாரங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட வீரர்களைத் தொற்றியது, ஒருவர் இறந்தார். முகாமைத் தாண்டி அது பரவவில்லை, ஆனாலும் அந்த அச்சத்தில் 4 கோடிக்கும் அதிகமான பொதுமக்களுக்கு ஊசி போட்டாயிற்று.

சோதனை என்ற ஐயத்துக்கு வலுச் சேர்ப்பது 1942ஆம் ஆண்டு நிகழ்வு. அமெரிக்கப் படையினருக்குப் போடப்பட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனித இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் வழியே புகுந்த ஹெபடைட்டிஸ் பி வைரஸால் ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலை கண்டு மருத்துவமனையில் கிடந்தார்கள். சோதிக்கும் எண்ணம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை. போர்க்கால அவசரம்தான் இருந்தது. கையை நீட்டியவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிய ஆறுதலாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஊசி வேண்டாம் என்று ஒரு வீரர் மறுக்க முடியுமா?

பதில்: கட்டளையாகிவிட்டால் பெரும்பாலும் முடியாது. அமெரிக்காவில் 2021 ஆகஸ்டில் கொரோனா தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டபோது, மறுத்த 8,000க்கும் மேற்பட்டோர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். 2023 ஜனவரியில் அக்கட்டளை விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுக்கும் உரிமை சுருங்கிய இடத்தில் கண்காணிக்கும் கடமை பெருக வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் படைக்கு வசதியும் உண்டு: யாருக்கு, எந்தத் தேதியில், எந்தத் தொகுதி மருந்து என்பது பதிவேட்டில் இருப்பதால், பின்விளைவைத் தேடிப்பிடிப்பது எளிது. 2002 டிசம்பரில் அங்கே படையினருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி தொடங்கிய சில மாதங்களிலேயே, சிலருக்கு இதயத்தசை அழற்சி வருவது கண்டறியப்பட்டு, இதயநோய் உள்ளவர்களை விலக்கும் விதி வந்தது. ஆகவே ஊசிக்குப் பின் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், கோழை என்பார்களோ என்று மறைக்காமல், உடனே முகாம் மருத்துவரிடம் சொல்லி அதைப் பதிவு செய்யவும் வைக்க வேண்டும்.