பழைய கோழிகளோடு வெடக்கோழியைச் சேர்ப்பது: கேள்வி பதில்

புதிதாக வாங்கிய வெடக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைகளை, வீட்டுக் கோழிகளோடு விடுவது பற்றி வேலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காட்பாடி: அக்கா, பொய்கை சந்தையில் நாலு வெடக்கோழி வாங்கினேன். வீட்டில் ஆறு பெட்டை, ஒரு சேவல். இன்றைக்கே சேர்த்து விடலாமா?

வேண்டாம் தம்பி. சந்தைக்குப் பல ஊர்க் கோழி வருகிறது. எது எந்த நோயோடு வந்தது என்று பார்வைக்குத் தெரியாது. வெள்ளைக்கழிச்சல் நோய் தொற்றி இரண்டு நாளிலும் வெளியே தெரியலாம், பதினைந்து நாள் கழித்தும் தெரியலாம். ஒரு மாதம் தனியாக வையுங்கள். தண்ணீர், தீவனத் தட்டு எல்லாம் தனி. தினமும் பழைய கோழிகளைக் கவனித்த பிறகுதான் புதியவற்றிடம் போக வேண்டும். அங்கே போட்ட செருப்பை இங்கே போடாதீர்கள், எச்சம் ஒட்டிய செருப்பிலேயே கிருமி வந்துவிடும். இறக்கைக்கு அடியில் பேன், செள்ளு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆற்காடு: தடுப்பூசி போட்டுவிட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்தானே?

ஊசியும் போடுங்கள், காத்திருக்கவும் செய்யுங்கள். அந்த ஊசி வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும்தான். சளிக்கோ ரத்தக்கழிச்சலுக்கோ உதவாது. போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தியும் வராது, இரண்டு வாரமாவது ஆகும். 1932 முதல் நம் ராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமே இதைத் தயாரிக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வாங்கினால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள், சூடு பட்டால் மருந்து வீண்.

குடியாத்தம்: வெடக்கோழியை எத்தனை மாத வயதில் சேர்க்கலாம்?

மாதத்தைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். பழைய பெட்டையின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்திருக்க வேண்டும். ஒற்றைக் கோழியை மட்டும் விடவே கூடாது. எல்லாக் கொத்தும் அதன் தலையில்தான் விழும்.

ஆம்பூர்: ராத்திரி கூண்டில் விட்டால் காலையில் பழகிவிடும் என்கிறார் என் மாமியார். சரியா அக்கா?

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் அன்றிரவு சண்டை இருக்காது. அதுவரை அவர் சொல்வது சரிதான். ஆனால் விடிந்ததும் மூடிய கூண்டுக்குள்ளேயே சண்டை தொடங்கும், வெடக்கோழிக்கு ஓட இடம் இருக்காது.

அதனால் முதலில் ஒரு வாரம், பத்து நாள் நடுவில் கோழி வலை கட்டி, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி மேய விடுங்கள். தீவனத்தையும் வலை ஓரமாகவே வையுங்கள். வலைக்கு அப்பாலிருந்து சீறுவது குறைந்த பிறகு, ஒரு சாயங்காலம் திறந்த வாசலில் கீரையும் கேழ்வரகும் இறைத்துவிட்டுச் சேர்த்து விடுங்கள். கூடுதலாக இரண்டு தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். சுவரோரம் தென்னை ஓலை சாய்த்தால் ஒளிய இடம் கிடைக்கும், ஆனால் இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும்.

பெரிய பெட்டை கழுத்தை நீட்டி, பிடரி இறகைச் சிலிர்த்துக்கொண்டு வரும். உச்சியில் ஒரு கொத்து. வெடக்கோழி தலையைத் தாழ்த்தி விலகினால் அதோடு விட்டுவிடும். இதில் நீங்கள் குறுக்கே போகாதீர்கள். யார் பெரியவர் என்று அவை முடிவு செய்துகொண்டால்தான் சண்டை ஓயும். இரண்டு மூன்று நாள் இப்படிப் பகலில் பழகிய பிறகு ராத்திரி ஒன்றாக அடையுங்கள். அப்போது உங்கள் மாமியார் சொன்னது பலிக்கும்.

ஆரணி: ஒரு பெட்டை துரத்தித் துரத்திக் கொத்துகிறது. ரத்தம் வந்துவிட்டது.

ரத்தம் தெரிந்தால் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் வந்து கொத்தும், விட்டால் உயிரே போய்விடும். காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, ஆறும்வரை தனியாக வையுங்கள். அப்புறம், கொத்திய பெட்டையையும் நாலைந்து நாள் கண்ணில் படாத இடத்தில் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வையுங்கள். திரும்பி வரும்போது அதற்குப் பழைய அதிகாரம் இருக்காது.

வாணியம்பாடி: பழைய கோழிகளுக்கு முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் போடுகிறேன். வெடக்கோழியும் அதையே தின்னலாமா?

முட்டைக்கு வரும்வரை கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழிக்கான குரோயர் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவைக்குத் தானே தின்றுகொள்ளும்.

வாலாஜா: அக்னி நட்சத்திரத்தில் சேர்க்கலாமா?

தள்ளிப் போடுங்கள் அம்மா. நம் ஊர் வெயிலில் கோழி சும்மா நின்றாலே வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அதில் துரத்தலும் சேர்ந்தால் சுருண்டுவிடும். அதுவரை நிழலில் வலைக்கு இரண்டு பக்கமும் இருக்கட்டும், வெயில் தணிந்ததும் திறந்து விடுங்கள்.