பூனையின் முடி பளபளக்க மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் நம் வீடுகளில் குழந்தைகளுக்கு வாங்கி வைத்திருக்கும் அந்த மஞ்சள் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான்கு வயதுப் பூனை, முதுகில் முடி வறண்டு பொடுகு உதிர்கிறது, மெடிக்கலில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்துச் சாப்பாட்டில் ஊற்றலாமா, எத்தனை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சின்னிக்கும் இதே கதைதான். நாகர்கோவிலில் இருக்கிறோம். சின்னி நாலு கிலோ, கறுப்பும் வெள்ளையும் கலந்தவள். கறுப்பு முடி மேல் பொடுகு விழுந்தால் பளிச்சென்று தெரியும். வால் தொடங்குகிற இடத்தில் முடி பிரிபிரியாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் தேங்காய்நார் மாதிரி இருந்தது. அத்தை தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள். நான் மெடிக்கலுக்குப் போய் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கி, தினமும் ஒன்றைக் குத்திச் சாப்பாட்டில் பிழிந்தேன். இரண்டு வாரம் ஆகியும் பொடுகு நிற்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் முதலில் பாட்டிலைக் கேட்டு வாங்கி, திருப்பி, பொடி எழுத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். காட் லிவர் ஆயில். அதாவது மீனின் ஈரலில் இருந்து எடுத்த எண்ணெய். நாம் எல்லாவற்றையும் "மீன் எண்ணெய்" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஈரல் எண்ணெய் வேறு, மீனின் உடல் சதையில் இருந்து எடுக்கும் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் டி-யும் நிறைய இருக்கும். இவை கொழுப்பில் கரைகிறவை. மிஞ்சினால் சிறுநீரில் போகாது, உடம்பிலேயே சேரும். ஈரலையே மாதக்கணக்கில் தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, தலையைத் திருப்பக்கூட முடியாமல் போவது மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த நோய். கழுத்து திரும்பாத பூனையால் தன்னை நக்கிச் சுத்தம் செய்யவும் முடியாது. முடிக்காகக் கொடுக்கப் போய் முடியையே கெடுக்கிற வேலை அது. இரண்டு வாரம்தான் என்பதால் சின்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டோம்.

அப்புறம் டாக்டர் ஒரு பேன் சீப்பை எடுத்தார். நம் வீட்டில் தலைக்கு வாருவோமே, அந்த நெருக்கமான பல் உள்ளதேதான். வால் அடியில் நாலு இழுப்பு. பொடுகோடு சேர்ந்து மிளகுத்தூள் போல் கறுப்புப் பொடி வந்தது. நான் மண் என்றே நினைத்தேன். அதை ஈரப் பஞ்சின் மேல் தட்டினார். அரை நிமிடத்தில் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செம்மண் கரைவது மாதிரி சிவப்பு கசிந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம் அது, பூனையின் ரத்தம் செரித்து வெளியே வந்தது. ஒரு தெள்ளுகூட என் கண்ணில் பட்டதில்லை. பூனை நக்கி நக்கி விழுங்கிவிடுமாம். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், முதுகு முழுக்க அரித்து, நக்கி, முடி கெட்டுவிடும்.

ஆகவே எண்ணெய்க்கு முன்னால் காரணத்தைப் பாருங்கள். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது உங்களுக்கும் ஒட்டும். காது ஓரமும் முகமும் தடித்து அடை கட்டியிருந்தால் சொறி. குண்டான பூனைக்கும் மூட்டு வலி உள்ள வயதான பூனைக்கும் முதுகு எட்டாது, அதனாலேயே அங்கே மட்டும் பொடுகு சேரும். வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு சோதனை செய்யச் சொல்வார்கள். இவற்றுக்கெல்லாம் எண்ணெய் மருந்தாகாது.

தெள்ளுக்கு மருந்து வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நாய்க்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று பூனைக்கு விட்டுவிடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது வலிப்பு வரவைத்து உயிரையே எடுத்துவிடும்.

சரி, எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டில் கொழுப்பு குறைந்தால் பூனைத் தோல் வறளும், அது உண்மை. சின்னிக்கு நான் அப்போது போட்டது பால்சோறும், தோலுரித்து வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும். பூனை முழுக்க முழுக்கக் கறி தின்கிற பிராணி. ஆளி விதை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று சிலர் சொல்வார்கள். நமக்கு அது சரி. ஆனால் தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தை உடம்புக்குத் தேவையான அடுத்த வடிவத்துக்கு மாற்றும் நொதி பூனைக்கு மிகவும் குறைவு. ரிவர்ஸ், சின்க்ளேர், கிராஃபோர்டு என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1975-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதை எழுதினார்கள். ஆளி விதையில் ஒமேகா-3 இருந்தும் பூனைக்குப் பெரிதாகப் பயன்படாததற்குக் காரணம் இதுதான். அரிப்பையும் தோல் அழற்சியையும் தணிக்கிற ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இரண்டும் மீனில் நேராகவே இருக்கின்றன.

டாக்டர் முதலில் சாப்பாட்டைத்தான் மாற்றச் சொன்னார். பூனைக்கென்றே தயாரித்த முழு உணவு, கூடவே கொஞ்சம் தோலோடு வேகவைத்த கோழி. கோழிக் கொழுப்பில் தோலுக்கு வேண்டிய லினோலெயிக் அமிலம் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை ஒரு சின்ன சாளை (மற்ற ஊர்க்காரர்கள் மத்தி என்பீர்கள்), உப்பு, மிளகாய் எதுவும் போடாமல் அவித்து, முள் எடுத்தது. பச்சையாக வேண்டாம். சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். மீன் குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிப் போடுவதும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

இதற்கு மேல்தான் மாத்திரை, அதுவும் ஈரல் எண்ணெய் அல்ல, மீனின் உடல் எண்ணெய். முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது மொத்த எண்ணெய். பின்னால் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருந்தால் வேலை செய்வது 300 மி.கி.தான். நாலு கிலோ சின்னிக்கு அப்படி ஒரு மாத்திரையில் பாதியை தினமும் கொடுக்கச் சொன்னார். நான் இரண்டு சொட்டில் தொடங்கி பத்து நாளில் பாதிக்கு வந்தேன். உங்கள் பூனையின் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணைய அழற்சி வந்த பூனை, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் பூனை என்றால் கேட்காமல் தொடவே வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்த மாத்திரையும் வேண்டாம்.

கூடக் கொடுத்தால் கூடப் பளபளக்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் வயிற்றுப்போக்கு வரும். மீன் கொழுப்பு மிஞ்சி வைட்டமின் ஈ போதாமல் போனால் தோலடிக் கொழுப்பு வீங்கி, தொட்டாலே அலறுகிற நோய் உண்டு. எடையும் ஏறும். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும், ஒரு டீஸ்பூன் எண்ணெயிலேயே 40 இருக்கிறது. குத்திய மாத்திரையில் மீதியை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள், கசந்த வாடை வந்தால் குப்பையில் போடுங்கள். சிரிஞ்சில் எடுத்து வாயில் பீய்ச்சவே கூடாது. எண்ணெய் வழுக்கி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும்.

மேலே தடவுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். தடவியதை எல்லாம் பூனை நக்கி உள்ளே தள்ளிவிடும். தேங்காய் எண்ணெய் விஷமில்லை, வயிற்றைத்தான் கலக்கும். யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில், கற்பூரம் கலந்தது எதுவானாலும் பூனைப் பக்கமே வரக்கூடாது. அவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு நம்மைப் போல் கிடையாது.

சின்னிக்குத் தெள்ளு மருந்து விட்ட மூன்றாவது வாரமே அரிப்பு நின்றது. முடியில் மினுமினுப்பு வர இரண்டு மாதம் ஆனது. புது முடி முளைத்து வரவேண்டுமே. பாதிக்கு மேல் பெருமை தெள்ளு மருந்துக்குத்தான் என்பது என் கணக்கு, மீதி சாப்பாட்டுக்கும் எண்ணெய்க்கும். இப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு சாளையோடு மட்டும் ஓட்டுகிறோம், முடி அப்படியே இருக்கிறது.

இன்று ராத்திரி பூனை தூங்கும்போது அடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, பேன் சீப்பால் வால் அடியில் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி விழுந்து, ஈரம் பட்டதும் சிவந்தால், மாத்திரை வாங்குவதை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு முதலில் தெள்ளு மருந்துக்கு டாக்டரிடம் போங்கள்.