பெட்டி லேசாகிவிட்டதா? முதலில் வாசலைச் சுருக்குங்கள்

கேள்வி: என்னிடம் ஐந்து தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டு நன்றாக இருக்கின்றன, மூன்றில் தேனீக்கள் குறைந்துகொண்டே போகின்றன. சுற்றுவட்டாரத்தில் பூவே இல்லை. பாவமாக இருக்கிறதே என்று பெட்டிகளுக்கு நடுவே ஒரு தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். மறுநாள் மெலிந்த பெட்டி ஒன்றின் வாசலில் ஒரே சண்டை, கீழே செத்த தேனீக்கள். என்ன தப்பு செய்தேன்?

பதில்: தட்டைத் திறந்த வெளியில் வைத்ததுதான் தப்பு. பூ இல்லாத நாளில் வேலையற்றுத் திரியும் பணித் தேனீக்களுக்கு இனிப்பு வாசனை பட்டால் போதும், தட்டு காலியானதும் அடுத்து எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு, காவலுக்கு ஆள் இல்லாத பெட்டிக்குள் புகுந்துவிடும். பஞ்சத்தில் பட்டினியால் சாகும் பெட்டிகளைப் போலவே இந்தக் கொள்ளையில் சாகும் பெட்டிகளும் உண்டு. மூலை இடுக்குகளில் தேனீக்கள் மோப்பம் பிடிப்பதுபோல் சுற்றுகின்றனவா, அடித்தட்டில் மெழுகுத் துகள் சிதறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொள்ளை நடக்கிறது.

இன்றே மூன்று மெலிந்த பெட்டிகளின் வாசலையும் ஒன்றிரண்டு தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். விரிசல்களை அடைத்துவிடுங்கள். பகலில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

அப்புறம் தீனி. 1 கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர். தண்ணீரைச் சுடவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சர்க்கரையைக் கரையுங்கள். சர்க்கரையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் தேனீக்கு ஆகாத பொருள் அதில் உண்டாகலாம். வெல்லமும் பழுப்புச் சர்க்கரையும் வேண்டாம், அவற்றில் உள்ள கசடு தேனீக்குச் செரிக்காது, கழிச்சல் வரும். ஆறிய பாகை மூடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் ஊற்றி, பெட்டிக்குள்ளேயே, மெழுகு அடைகளைத் தாங்கும் மரச் சட்டங்களுக்கு மேல் கவிழ்த்து வையுங்கள். மாலை மங்கிய பிறகுதான். ஒரு ராத்திரியில் குடித்து முடிக்கும் அளவு போதும், மிஞ்சினால் புளித்துவிடும். வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் துடைத்துவிடுங்கள்.

நல்ல பெட்டியில் தேன் நிறைந்த அடை மிச்சம் இருந்து, அதில் நோயும் இல்லையென்றால், பாகைவிட அதுவே மேல். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனை மட்டும் கொடுக்காதீர்கள், தேனீக் குஞ்சுகளான புழுக்களைக் கொல்லும் புழு அழுகல் நோயின் வித்துகள் அதில் இருக்கலாம், அவை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

கேள்வி: பாகு கொடுத்தும் புழுக்கள் வளரவில்லையே?

பதில்: திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்காலைப் பாருங்கள். மகரந்த உருண்டை இல்லையென்றால் பஞ்சம் இரட்டிப்பு. பாகு சக்தி தரும், புரதம் தராது. புரதம் இல்லாமல் புழுவை வளர்க்க முடியாது, சில சமயம் தேனீக்களே புழுவைத் தின்றுவிடும். சோயா மாவைப் பாகில் பிசைந்து உருண்டையாக்கிச் சட்டத்தின் மேல் வைக்கலாம். வாசலில் ஆண் தேனீக்கள் துரத்தப்பட்டுக் கிடந்தால் பயப்படாதீர்கள், அது நோயல்ல. சாப்பாடு குறையும்போது உழைக்காத வாய்களைக் குடும்பமே குறைத்துக்கொள்கிறது.

கேள்வி: மூன்று பெட்டிகளையும் எப்படியாவது காப்பாற்ற வேண்டும். இணைக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை.

பதில்: புரிகிறது, ஆனால் நான் இணைக்கத்தான் சொல்வேன். மெலிந்த மூன்றைச் சேர்த்தால் பலமான ஒன்று கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மெலிந்ததைத் திடமானதோடு சேர்ப்பதுதான் வழி. நோய் இருந்தால் சேர்க்கவே கூடாது. முதலில் மெலிந்ததிலுள்ள இராணியை எடுத்துவிடுங்கள், மனதுக்குக் கஷ்டம்தான். மாலையில் திடமான பெட்டியின் மேல் ஒரு தாள் செய்தித்தாளை விரித்து, சில ஊசித்துளை போட்டு, மேலே மெலிந்ததை ஏற்றுங்கள். தாளைக் கடித்துக் கிழித்து இரண்டு பக்கமும் சேர்வதற்குள் வாசனை கலந்துவிடும், சண்டை வராது.

ஒரு விஷயம், உங்களுடையது ஆசியத் தேனீயா, ஐரோப்பியத் தேனீயா என்று எழுதவில்லை. ஆசியத் தேனீ என்றால் அவகாசம் குறைவு: உணவு இல்லையென்றால் கூட்டையே விட்டுவிட்டுப் பறந்துபோகும். ஐரோப்பியத் தேனீ பெரும்பாலும் அங்கேயே கிடந்து பட்டினியில் சாகும். தேனீ மொய்க்காத அடைகளையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மெழுகுப் பூச்சி குடியேறிவிடும்.