வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு அம்மா எங்கே இருப்பது?

கேள்வி: மூத்த மகளைக் கட்டிக் கொடுக்கும்போது இருந்த ஒரே வீட்டையும் வளவையும் சீதனமாக அவளுடைய பேருக்கு எழுதிவிட்டோம். நானும் அவரும் இப்போது பின்பக்கக் குசினியோடு ஒட்டிய அறையில் இருக்கிறோம். இளையவளுக்கு வரன் வருகிறது, அவர்களும் வீடு கேட்கிறார்கள். வளவுக்குள் ஒரு சின்ன வீடு கட்டலாம் என்றால் மருமகன் முடியாது என்கிறார். மகள் வாயே திறக்கிறாள் இல்லை. கொடுத்ததைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா? (ஆரையம்பதி வாசகி)

பதில்: அக்கா, மருமகனோடு பேசிப் பிரயோசனமில்லை, காணி அவருடையது இல்லை. உறுதிப் பத்திரம் மகளின் பேரில் இருக்கிறது, முடிவும் அவளுடையதுதான். மருமகன் இல்லாத நேரமாகப் பார்த்து மகளைத் தனியாக இருத்திப் பேசுங்கள். அவள் பேசாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் புருசன் மேல் உள்ள பயம்தான் காரணமாக இருக்கும், உங்கள் மேல் உள்ள வெறுப்பாக இருக்காது.

நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் முன்பு இப்படி மகளுக்கு வீடு கொடுக்கிற வழக்கம் ஓடியதற்குக் காரணம் காணி இருந்தது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவின் மறுபக்கம் இன்னொன்றைப் போட்டு அடுத்தவளோடு அங்கே போவார்கள். கடைசி மகளோடு தாய் தகப்பன் தங்குவார்கள். அக்கா தங்கச்சிமார் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வாசலில் இருக்க, வெளியிலிருந்து வந்தவர்கள் மாப்பிள்ளைமார் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். இப்போது பத்துப் பேர்ச் (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) காணியை வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் எப்படிச் சரிவரும்?

இனிச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலில் அந்த நன்கொடை உறுதியை எடுத்து வாசியுங்கள், அல்லது படித்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் உங்களுக்கும் அவருக்கும் சீவிய உரித்து வைத்து எழுதியிருந்தால், உயிரோடு இருக்கும்வரை உங்களை யாரும் கிளப்ப முடியாது. எழுதவில்லை என்றால் நீங்கள் இருப்பது மகளின் தயவில், அதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். கொடுத்ததைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மோசமான நன்றிகேடு என்று நிரூபித்தால் நீதிமன்றத்தின் மூலம் நன்கொடையை ரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஆனால் மகள் வாய் திறக்கவில்லை என்பதற்காக அங்கே போக வேண்டாம், அது உங்கள் பிரச்சினைக்குப் பொருந்தாது.

மகள் சம்மதித்தால் தங்கச்சிக்கு ஒரு துண்டை நொத்தாரிசிடம் (உறுதி எழுதும் சட்டத்தரணியிடம்) போய் எழுதித் தரட்டும். கோயில் முன்னால் சொன்ன வாக்கு காணி விசயத்தில் செல்லாது, 1840ஆம் ஆண்டிலிருந்தே நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பதுதான் சட்டம். நில அளவை வரைபடமும் பிரதேச சபை அனுமதியும் வேண்டிவரும், சின்னத் துண்டென்றால் அங்கேயே நின்றுவிடலாம், அதனால் சம்பந்தம் பேசுவதற்கு முன்பே விசாரியுங்கள். முடியாது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டாரிடம் இருப்பதைச் சொல்லுங்கள். வீடு கிடையாது, இவ்வளவுதான் தர முடியும் என்று. அதைக் கேட்டு ஓடுகிறவர் ஓடட்டும்.

இளையவளுக்கு எழுதும்போது சீவிய உரித்தை விட்டுவிடாதீர்கள். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: எனக்கு 33 வயது, கல்முனையில் வேலை. வாப்பா மவுத்தான பிறகு உம்மாவும் நானும் தங்கச்சிக்குக் கொடுத்த வீட்டிலேயே இருக்கிறோம். மச்சான் ஒன்றும் சொல்வதில்லை, ஊர்தான் கேட்கிறது. தனியாக அறை எடுக்கவா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: ஊர் கேட்கட்டும் தம்பி. கல்யாணம் ஆனால் நீங்களும் பெண் வீட்டுக்குத்தானே போகப் போகிறீர்கள், அதுவரை இருங்கள். கரண்ட் பில், தண்ணீர் பில், சாமான் செலவில் உங்கள் பங்கை மாதம் மாதம் கொடுங்கள், மச்சானின் கையில் கொடுக்காமல் தங்கச்சியின் கையில் கொடுங்கள். தங்கச்சிக்குப் பிள்ளைகள் வளர்ந்து அறை போதாமல் போகிறபோது, அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: அம்மா வழியாக எனக்கு வந்த வீடு சுனாமியில் போனது. பிறகு கட்டித் தந்த வீட்டை என் கணவர் பேரில் பதிந்தார்கள். அவர் எதுவும் எழுதி வைக்காமல் காலமாகிவிட்டார். நான் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அங்கேயே இருக்கிறேன். மகன் பங்கு கேட்கிறான். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு ஏது வீடு? (திருக்கோவில் வாசகி)

பதில்: அம்மா, வழக்கம் உங்கள் பக்கம், பத்திரம் மகன் பக்கம். 2004க்குப் பிறகு கிழக்கில் பல குடும்பங்களுக்கு நடந்தது இதுதான். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு ஆணின் பேரை எழுதிவிட்டார்கள், தாய்வழியாக வந்த வீடு தகப்பன் வீடாகிவிட்டது. இதைச் செய்தவர்களுக்கு நம் வழக்கம் தெரிந்திருக்கவில்லை, தெரிந்தவர்கள் வாய் திறக்கவும் இல்லை.

உறுதிக் காணி, அதாவது உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணி என்றால் பொதுச் சட்டப்படி பாதி உங்களுக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் இருவருக்கும் சமமாக. அப்படியானால் மகனுக்குக் கால்வாசி. கேட்பது பிழை என்று சொல்ல முடியாது. உங்கள் பாதியை மகளுக்கு எழுதலாம், சீவிய உரித்தோடு. மகனின் பங்குக்கு மகள் காசாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள், தவணை தவணையாகக் கொடுத்தாலும் எழுத்தில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

ஆனால் அது அரச காணி, அனுமதிப்பத்திரம்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது, பின்னுரித்தாளராக (அவருக்குப் பிறகு காணியைப் பெறுபவராக) யார் பேர் பதிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆகவே மகனோடு சண்டைக்குப் போகுமுன் கடதாசிகளை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.