முடிவெடுப்பது யார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கல்லூரிக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு மாணவர் குழு தொடங்கியிருக்கிறோம். கடற்கரை மக்களின் நியாயமான பிரச்சினைகளில் இறங்கி வேலை செய்யவேண்டும் என்பது எண்ணம். ஆனால் கோயில் குருவானவரான பங்குச்சாமிதான் தலைவராக இருக்கவேண்டும் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். குழுவிலேயே பாதிப்பேர் ஜெபக்கூட்டம் மட்டும் போதும் என்கிறார்கள். விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளும் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறோம். அந்தப் பேச்சு வந்தாலே சண்டை. பெண்கள் நாங்கள் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போயாகவேண்டும். இங்கிலாந்தில் எஸ்.சி.எம். என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தை மாணவர்களே நடத்துகிறார்களாமே, அதுபோல அமைக்க முடியுமா? சங்கமாகப் பதிவு செய்யவேண்டுமா?

ஒரு மாணவி, பாம்பன்

அன்புள்ள தங்கைக்கு,

பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடிவெடுப்பது யார் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நீ கேட்ட மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வருவதுதான்.

பிரிட்டனின் எஸ்.சி.எம். 1889இல் வேர்விட்டது. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் அதன் ஆட்சிக்குழுவில் உட்காருகிறார்கள். சம்பளத்துக்கு வேலைசெய்யும் ஊழியர்கள் அந்தக் குழுவுக்குப் பதில் சொல்கிறார்கள். பல நாட்டு இயக்கங்களைச் சேர்த்து 1895இல் சுவீடனின் வாட்ஸ்டேனாவில் உலகக் கூட்டமைப்பு உருவானது. இந்தியாவில் எஸ்.சி.எம். 1912இல் வந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கத்தோலிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 1924இலிருந்தே அய்க்கஃப் என்ற அகில இந்தியக் கூட்டமைப்பு இருக்கிறது. 1970இல் பூந்தமல்லியில் கூடிய அய்க்கஃப் மாணவர்கள், அநீதியான சமூகத்தில் பிறந்திருக்கிறோம், அதை நாங்கள் கண்ட நிலையிலேயே விட்டுச் செல்லமாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்த வாசகம் இன்றும் எனக்குள் ஏதோ செய்கிறது. உங்கள் கல்லூரியில் கிளை இருக்கிறதா என்று விசாரி. இல்லாவிட்டால் நீங்களே தொடங்கக் கேளுங்கள்.

சாமியைத் தலைவராக்க வேண்டாம். அவர் மேல் குறை சொல்லவில்லை. பங்குச்சாமிக்குச் சில வருஷத்தில் மாற்றலாகும். அவர் போனால் குழுவும் போய்விடும். அவர் வழிகாட்டியாக உட்காரட்டும், கேள்வி கேட்கட்டும், வாக்கு மட்டும் இல்லாமல் இருக்கட்டும். சாமியிடம் இதை மரியாதையாக, நேரில், நீங்களே போய்ச் சொல்லுங்கள். பெரியவர்கள் வழியாகச் சொல்லியனுப்பாதீர்கள்.

நீங்களும் நிலையில்லை என்பதையும் சேர்த்து யோசி. மூன்று வருஷத்தில் படிப்பு முடிந்து சென்னைக்கோ திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிவிடுவீர்கள். மாணவர் இயக்கம் எதுவானாலும் இந்த ஓட்டையோடுதான் பிறக்கிறது. அதனால் ஒவ்வொரு பொறுப்பிலும் இரண்டிரண்டு பேரைப் போடுங்கள், ஒருவர் கட்டாயம் முதலாண்டு மாணவர். ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் அதே பொறுப்பில் இருக்கவேண்டாம். என்ன பேசினோம், யார் என்ன செய்வதாக ஒத்துக்கொண்டார்கள், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். கணக்கை மாதாமாதம் சத்தமாக வாசியுங்கள். படகு முதலாளியிடமும் கட்சிக்காரரிடமும் நன்கொடை வாங்காதீர்கள்.

கூட்ட நேரத்தைப் பெண்கள் குறிக்கட்டும். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடுகிற குழுவில் உங்கள் குரல் இருக்காது. நீங்கள் இல்லாமல் எடுக்கும் தீர்மானம் குழுவின் தீர்மானமும் ஆகாது. இதில் விட்டுக்கொடுக்காதே.

ஜெபமா நியாயமா என்கிற சண்டை பழையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ மாணவர் சங்கம் விசுவாசக் கொள்கை தளர்கிறது என்று 1910இல் எஸ்.சி.எம்.மிலிருந்து பிரிந்தே போனது. நீங்கள் பிரியவேண்டாம். பெல்ஜியத்துக் குருவானவர் ஜோசப் கார்டைன் இளம் தொழிலாளர்களோடு வேலைசெய்து ஒரு முறையை வளர்த்தெடுத்தார்: பார், ஆய்ந்து தீர்ப்பிடு, செயல்படு. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தன் சுற்றுமடலில் அதை எடுத்துச் சொன்னார். நற்செய்தி வாசிப்பது இரண்டாம் படியில் வருகிறது, கண்ணால் பார்த்த விஷயங்களுக்குப் பக்கத்தில். ஜெபம் வேண்டும் என்பவர்களுக்கும் வேலை வேண்டும் என்பவர்களுக்கும் அங்கே ஒரே பாய்தான்.

முதல் வேலையாகக் கடற்பாசி எடுக்கிற பெண்களின் பிழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளை யாருக்கு விற்கிறார்கள், எடைபோடுவது யார், முன்பணம் வாங்கியவர்களுக்கு விலை குறைகிறதா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவானபின் அவர்கள் எங்கே முங்குகிறார்கள், வனத்துறையிடம் என்ன அனுபவம்? இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் பார்ப்பதிலேயே போனாலும் போகட்டும். பெரும்பாலான குழுக்கள் இந்தப் படியைத் தாண்டிக்குதித்து நேரே மனு எழுத உட்கார்ந்துவிடுகின்றன.

இன்னொன்று. அந்தப் பெண்களுக்கு இயக்கம் கட்டக் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள். பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களே கூடிப் பேசிக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். உங்கள் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கியதற்காக, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015இல் பெற்றார். போய்க் கேட்டுக்கொள்ளவேண்டியது நீங்கள்தான். அவர்களில் இந்துப் பெண்கள் இருக்கிறார்கள்; உங்கள் வகுப்பிலும் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். குழுவில் அவர்களுக்கும் இடம் வையுங்கள். ஒய்.சி.எஸ். என்ற இளம் கத்தோலிக்க மாணவர் இயக்கம் இதற்காகவே இந்தியாவில் இளம் மாணவர் இயக்கம் என்ற பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறது.

விசைப்படகு வீட்டுப் பையன்களை ஒதுக்காதீர்கள். ஆனால் அவர்கள் மனம் கோணுமே என்று பேச்சைத் தவிர்க்கவும் வேண்டாம். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்கிறது 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு மீன்பிடிச் சட்டம். விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலை நாட்டுப்படகுக்காரர் வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகின் கடனை வீட்டில் பார்த்தவர்களும் இருப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் எல்லாரும் சேர்ந்தே போங்கள். கேட்டபிறகும் இரண்டு பக்கமும் சரி என்று முடிக்காதீர்கள். சின்ன வலைக்காரனுக்கு நடந்தது அநியாயம் என்றால் அநியாயம் என்றே நோட்டில் எழுதுங்கள். விசைப்படகு வீட்டுப் பையன் அதைத் தன் கையால் எழுதினால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் கரையில் இருப்பார்கள். மே மாதம் உங்களுக்கும் விடுமுறை. வீடுவீடாகப் போக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கேள்விகளை இப்போதே எழுதி வையுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா