மாத்திரைக்கு அடங்காத அரிப்பு

"மரபணு மாறிய பூஞ்சை என்று இணையத்தில் படித்தேன், என் மகளுக்கும் வந்துவிடுமா?" என்று, பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பைப் பற்றிய கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற பதினொரு கேள்விகளையும்விட உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று தெரிகிறது. மாறுவது பூஞ்சையின் மரபணுதானம்மா, உங்களுடையது இல்லை. அது பரம்பரையாக இறங்காது. டெக்டின்-1 என்ற புரதத்தில் பிறவிக் குறை இருந்து, குடும்பத்தில் பலருக்கு இந்தப் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்ததாக 2009இல் நெதர்லாந்திலிருந்து எழுதினார்கள். அது அபூர்வம். உங்களுக்கு இந்தத் தொல்லை 46 வயதில்தானே ஆரம்பித்தது?

பூஞ்சையின் மேலுறைக்கு எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதியைத்தான் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை தடுக்கிறது. அந்த நொதிக்கான மரபணு சற்றுத் திரிந்தால் மருந்தின் பிடி நழுவிவிடும். சில பூஞ்சைகள் உள்ளே வந்த மருந்தை மோட்டார் போட்டு இறைப்பதுபோல வெளியே தள்ளிவிடும். இந்தத் தொற்றைத் தரும் கேண்டிடா பூஞ்சைகளில் கிளாப்ராட்டா என்ற இனமோ இயல்பிலேயே இந்த மாத்திரைக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது.

ஆனால் உங்களுக்கு இருப்பது இதில் எது? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாருமே பார்க்கவில்லை. பத்து மாதத்தில் நான்கு முறை, நான்கு முறையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அதே 'கிட்' (மாத்திரைத் தொகுப்பு). அமெரிக்காவில் கடையில் தாங்களாகவே பூஞ்சை மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்தபோது, மூன்றில் ஒருவருக்குத்தான் பூஞ்சைத் தொற்று இருந்தது. எல்லா அரிப்புக்கும் பூஞ்சை காரணம் இல்லை.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. ஒரு வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தாலோ, மாத்திரை போட்டும் அடங்காவிட்டாலோ, அதற்குப் பிறகு கடைப் பக்கம் போகக் கூடாது. அரிப்பு இருக்கும்போதே, எந்த மருந்தும் போடாமல், மகப்பேறு மருத்துவரிடம் போய் கல்ச்சர், அதாவது மாதிரி எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். 'கேண்டிடா வளர்ந்தது' என்றால் போதாது, இனத்தின் பெயரும் வேண்டும். வழக்கமாக வரும் அல்பிகன்ஸ் இனம் என்றால் பெரும்பாலும் அதே ஃப்ளுகோனசோல்தான், 150 மி.கி., மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று. பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம். கிளாப்ராட்டா என்றால் வைத்தியமே வேறு.

அப்புறம், கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, சர்க்கரைக்குப் போன வருடம் டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தார்கள் என்று. முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது அது! சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை அது. அந்த இடத்தில் பூஞ்சைக்கு விருந்து. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொடுத்த மருத்துவரிடம் இந்த அரிப்பைச் சொல்லி, மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

மற்றவை: இது புற்றுநோய் ஆகாது. கணவருக்கு அரிப்பு இல்லையென்றால் அவருக்கு மருந்து வேண்டாம். தயிரைச் சாப்பிடுங்கள், தடவாதீர்கள். நீங்கள் வீடியோவில் பார்த்த கேண்டிடா ஆரிஸ் என்ற இனம், பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களின் பிரச்சினை. போரிக் ஆசிட் கிளாப்ராட்டாவுக்கு நாங்கள் கொடுப்பதுதான், ஆனால் அளந்த கேப்சூலாக, உள்ளே வைப்பதற்கு மட்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் இருக்கும் கேரம் போர்டு பவுடரும் போரிக் ஆசிட்தானே என்று எடுத்துவிடாதீர்கள், அது கேரம் போர்டிலேயே இருக்கட்டும்.